சிங்கப்பூர் வந்து இறங்கிய டெல்டாப் பிள்ளைகளுக்கு: தலைமடைக்குப் போய்க் கேளுங்கள்

சிங்கப்பூரில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, காவிரி டெல்டாவில் உள்ள நீடாமங்கலத்துக்குத் திரும்பியவன் நான். திருச்சியில் விமானம் ஏறிய எங்கள் பக்கத்துப் பிள்ளைகள், எந்த அறையில் தங்கலாம், எந்தக் கைபேசி வாங்கலாம், குழுவில் வந்த செய்தி உண்மைதானா என்று முதல் மாதத்திலேயே கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மே மாதக் கடைசியில் டீக்கடையில் பத்துப் பேர் பத்துத் தேதி சொன்னாலும், 120 அடி மேட்டூர் அணையில் இன்று எத்தனை அடி நிற்கிறது, ஜூன் 12-இல் திறப்பதாக அரசு அறிவித்துவிட்டதா என்று பார்க்காமல் குறுவை நெல்லுக்கு விதை ஊறவைப்பவர் நம்மில் யாருமில்லை. விதைநெல் வாங்கும்போதும் கடைக்காரர் சொல்லோடு நிற்காமல், சான்று விதைக்கு உரிய நீல அட்டையைத் திருப்பி, முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையவில்லையா, காலாவதி நாள் எது என்று படிக்கிறோம். இந்தப் பழக்கம் கடல் தாண்டியதும் விட்டுப்போகிறது. தனிமையில் இருக்கும்போது நம் ஊர்ப் பேச்சில் பேசுகிறவர் எல்லோரும் சொந்தக்காரராகத் தெரிவதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு மாதத்துக்கு மட்டும் அறை என்று குழுவில் படம் வந்தது. போட்டவர் "நானும் மன்னார்குடிதான் தம்பி" என்றார். 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முன்பணம் அனுப்பினேன். அதன் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அன்றிரவு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கட்டிலுக்கு மேலே சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் நம் ஊரைப் போல வட்டத் துளைகள் இருந்தன. சிங்கப்பூரில் அவை பட்டையாக இருக்கும். அது இந்தியாவில் ஏதோ ஒரு வீட்டு அறை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் அறையை 6 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட அனுமதி இல்லை என்பது அப்போது தெரிந்திருந்தால், "ஒரு மாதம்" என்ற சொல்லே என்னை நிறுத்தியிருக்கும். ஆகவே அறையை நேரில் பார்க்காமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். முகவர் என்று சொல்பவரின் தொலைபேசி எண்ணைச் சொத்து முகவர்களுக்கான அரசுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்.

குழுவில் வரும் செய்தி பல கை மாறி, வாய்க்காலின் கடைசியான கடைமடைக்கு வந்த தண்ணீரைப் போலக் கலங்கித்தான் வரும்; அது கிளம்பிய தலைமடைக்கே போய்க் கேளுங்கள். வேலை அனுமதி பற்றி யார் என்ன சொன்னாலும், மனிதவள அமைச்சின் எஸ்ஜி வொர்க்பாஸ் செயலியில் உங்கள் அட்டையின் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் அது செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். சிங்கப்பூரில் உள்ள வேலை முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம், ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் மட்டுமே. சந்தேகமான அழைப்போ குறுஞ்செய்தியோ வந்தால் 1799-ஐ அழைத்துக் கேளுங்கள். எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.

பொருள் வாங்குவதில் நான் வற்புறுத்துவது இரண்டே. ரைஸ் குக்கர், சார்ஜர், அடாப்டர் போன்றவற்றில் பாதுகாப்பு முத்திரையும் பதிவு எண்ணும் இல்லாவிட்டால், விலை பாதியாக இருந்தாலும் வாங்க வேண்டாம்; தங்கும் அறையில் உங்களோடு வேறு பேரும் உறங்குகிறார்கள். இரண்டாவது ரசீது. 2012 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரில் நடப்பில் உள்ள சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் தெரியும் குறை, பொதுவாக விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். பழுது பார்த்தோ மாற்றியோ தரக் கடைக்காரரிடம் கேட்கலாம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அட்டை அந்த உரிமையைப் பறிக்காது. பயன்படுத்திய பொருளுக்கும் இது பொருந்தும், ஆனால் தனிநபரிடம் வாங்கினால் பொருந்தாது. அதனால் பழைய கைபேசிதான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள், இருபது வெள்ளி கூடினாலும் ரசீது தரும் கடையிலேயே வாங்கி, வெயிலில் எழுத்து மங்கிவிடும் அந்தக் காகிதத்தை அன்றைக்கே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.