நகர வரலாறு எழுத வரும் பத்திரிகையாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்த ஊரின் வரலாற்றை எழுதுவதையே தொழிலாகக் கொள்ள நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்கிற பெயர் பார்சிலோனாவின் ஜூசெப் மரியா உவேர்த்தாஸ். 1939-இல் பிறந்தவர். டெலெ எக்ஸ்பிரெஸ், எல் பெரியோதிகோ, லா வான்குவார்தியா என்று பல பத்திரிகைகளில் வேலை பார்த்தார். 2007-இல் இறந்தபோது கத்தலோனியப் பத்திரிகையாளர் கழகத்துக்குத் தலைவராக இருந்தார். எந்தப் பத்திரிகையில் இருந்தாலும் அவர் விடாமல் எழுதியது தன் ஊரைப் பற்றித்தான், அதிலும் அதன் பேட்டைகளைப் பற்றி.

இந்தத் துறைக்கு வருகிறவர்கள் பலர் இதை யாரையும் சீண்டாத, வம்பில்லாத வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பழைய கட்டடம், பழைய கடை, பழைய படம், இதில் யாருக்கு என்ன கோபம் வரப்போகிறது என்று. 1975 ஜூன் 7 அன்று உவேர்த்தாஸ் டெலெ எக்ஸ்பிரெஸில் பார்சிலோனாவின் மறைமுகமான பாலியல் உலகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காதலர்களுக்கு மணிக்கணக்கில் அறை வாடகைக்கு விடும் விடுதிகளைப் பற்றிச் சொல்லும்போது, அவற்றில் கணிசமானவற்றை இராணுவத்தினரின் விதவைகள் நடத்தினார்கள், ஸ்பெயினின் உள்நாட்டுப் போருக்குப் பிறகு அனுமதி வாங்குவது கடினமாக இருந்ததால் அப்படி ஆகியிருக்கலாம் என்று போகிறபோக்கில் ஒரு வரி. அந்த ஒரு வரியை ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி இராணுவத்துக்கு அவமானம் என்று எடுத்துக்கொண்டது. ஜூலையில் கைது, இராணுவ நீதிமன்றம், இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை. பார்சிலோனா பத்திரிகையாளர்கள் அவருக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள், சர்வாதிகாரம் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே. நவம்பரில் பிராங்கோ இறந்தார், ஆனால் உவேர்த்தாஸ் வெளியே வந்தது 1976 ஏப்ரலில்தான். அனுமதி யாருக்குக் கிடைத்தது, நிலம் யார் கைக்குப் போனது, யாருடைய வீடு இடிக்கப்பட்டது என்று கேட்கத் தொடங்கினால் ஊர் வரலாறு அரசியல்தான், வேறு எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு வரிக்கும் கையில் ஆதாரம் இருக்கட்டும், போகிறபோக்கில் எழுதும் வரிக்கு முக்கியமாக.

ஆனால் அவரைச் சிறைக்குப் போனவர் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதும் தவறு, அதை அடிக்கடி பார்க்கிறேன். ஜௌமெ ஃபாப்ரேயோடு சேர்ந்து பார்சிலோனாவின் எல்லாப் பேட்டைகளையும் பற்றி ஏழு தொகுதிகள் எழுதினார். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வேலை அதுதான். கதீட்ரல், கௌதி கட்டிய கட்டடங்கள், ராம்ப்லா வீதி என்று மையத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் நகரத்தில் பாதிப்பேர் எழுத்துக்குள் வரவே மாட்டார்கள். அவர் வாழ்ந்த போப்ளெநோவு தொழிற்சாலைகளும் தொழிலாளர்களும் நிறைந்த பகுதி. இன்னொரு சிக்கல், அது 1897 வரை பார்சிலோனாவிலேயே இல்லை; சான்ட் மார்த்தி என்ற தனி ஊராட்சிக்குள் இருந்தது, கிராசியாவும் சான்ட்ஸும் அதே ஆண்டில்தான் நகரத்தோடு இணைக்கப்பட்டன. இன்றைய எல்லையை மனதில் வைத்துக்கொண்டு 1880-களின் பார்சிலோனா ஆவணங்களைப் புரட்டினால் அந்த மக்கள் அங்கே இருக்க மாட்டார்கள். கிடைக்கவில்லை என்பதை வைத்து அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிவிடுகிறார்கள்.

தெருப் பெயர்களிலும் இதே கதி. பார்சிலோனாவின் தியாகோனால் அவென்யூ 1939-இலிருந்து 1979 வரை அதிகாரபூர்வமாகப் பிராங்கோவின் பெயரில் இருந்தது. இன்றைய பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால் நாற்பது வருடச் செய்திகளில் பெரும்பகுதி நழுவிப் போகும். எனவே தேடுவதற்கு முன்பே அந்தத் தெருவுக்கு எந்த ஆண்டில் என்ன பெயர் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், கல்லைப் பார்த்ததும் நம்பிவிடுவது. கோதிக் பேட்டையில் பிஸ்பே தெருவுக்கு மேலே போகும் அழகான பாலத்தை இடைக்காலத்தது என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அது 1928-இல் கட்டியது. கதீட்ரலின் முகப்புகூட இருபதாம் நூற்றாண்டில்தான் முழுமையடைந்தது. இவையாவது பெரிய கேடில்லை. பக்கத்திலேயே சான்ட் ஃபெலிப் நேரி சதுக்கத்தில், தேவாலயச் சுவர் முழுக்கக் குழிகள். உள்நாட்டுப் போரில் பிராங்கோவை எதிர்த்த அராஜகவாதிகள் ஆட்களை நிறுத்திச் சுட்ட தடயம் என்று பிராங்கோ காலத்தில் ஒரு கதை பரவியது, பலர் அதை அப்படியே திரும்பச் சொன்னார்கள். உண்மையில் அவை 1938 ஜனவரி 30 அன்று பிராங்கோ தரப்பின் விமானக் குண்டுகள் ஏற்படுத்தியவை. 42 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காக ஒரு கதையை எழுதும்போது கொன்றவனின் பொய்யைச் செத்தவர்கள் மேல் எழுதுகிறோம். இதைவிடப் பெரிய தவறு இந்தத் தொழிலில் எனக்குத் தெரியவில்லை.

பழைய பத்திரிகையை வைத்துச் சரிபார்க்கலாமே என்றால், சரி, பார்க்கலாம். லா வான்குவார்தியாவின் 1881 முதலான இதழ்கள் இணையத்தில் கிடைக்கின்றன, பெரிய வரம் அது. ஆனால் 1938-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்பெயினில் அச்சுக்கு முன்பே தணிக்கை இருந்தது, 1966-இல்தான் அந்தச் சட்டம் மாறியது. அந்தக் காலத்துச் செய்தி என்ன நடந்தது என்பதைச் சொல்வதைவிட, எதைச் சொல்ல விட்டார்கள் என்பதைத்தான் காட்டுகிறது.

அதனால் ஆட்களைத் தேடிப் போக வேண்டும், அதுவும் அவர்கள் இப்போது இருக்கிற இடத்துக்கு. பார்சிலோனாவின் சோமொரோஸ்த்ரோ கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் குடிசைகளில் வாழ்ந்தார்கள், ஃபிளமெங்கோ நடனக் கலைஞர் கார்மென் அமாயா பிறந்த இடமாக அதைத்தான் சொல்வார்கள். 1966-இல் மிச்சமிருந்த குடிசைகளையும் அகற்றிப் பல குடும்பங்களைப் பக்கத்து நகரமான பதலோனாவின் சான்ட் ரோக் பகுதிக்கு அனுப்பினார்கள். பார்சிலோனா வரலாறு என்பதால் பார்சிலோனாவுக்குள்ளேயே விசாரித்தால் போதும் என்று நினைக்கிறவருக்கு அந்தக் குடும்பங்கள் கிடைக்கப் போவதில்லை. பதலோனாவுக்கு ரயில் ஏற வேண்டும், கதவைத் தட்ட வேண்டும். அன்று குழந்தையாக இருந்தவர்களுக்கே இப்போது வயதாகிவிட்டது, ஆகவே ஆவண வேலையைத் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.