காருக்குப் பின்னால் சைக்கிள் ரேக்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ இருந்துகொண்டு, ஞாயிறு காலையில் பழவேற்காட்டுப் பக்கம் சைக்கிள் மிதிக்க ஆசைப்படுகிறவருக்கு முதல் தடை மீஞ்சூர் வரைக்குமான சாலைதான். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மிதித்துப் போக யாருக்கும் மனசு வராது. அதனால் சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு போய், பொன்னேரி தாண்டி இறக்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். யோசனை சரிதான். தப்பு நடப்பது ரேக் வாங்கும் இடத்தில்.

பலரும் ரேக்கை முதலில் வாங்கிவிட்டு, அது தங்கள் காரில் உட்காருமா என்று அப்புறம் பார்க்கிறார்கள். பெட்டியில் ‘எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்’ என்று போட்டிருக்கும். நம்ப வேண்டாம். ஸ்ட்ராப் போட்டுக் கட்டும் ரேக், டிக்கிக் கதவின் விளிம்புகளில் மாட்டிய கொக்கிகளை நம்பித்தான் நிற்கிறது. மேல் விளிம்பில் இறக்கை போல நீட்டிய பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருந்தால் கொக்கிக்கு இடமே இல்லை. அதன் மேலேயே மாட்டி இறுக்கினால் ஸ்பாய்லர் வாயைப் பிளக்கும். கண்ணாடி விளிம்பில்தான் மாட்ட முடியும் என்றால், அதற்கென்றே செய்த அகலமான கொக்கி வேண்டும். ரேக் கம்பெனியின் பொருத்தப் பட்டியலில் காரின் பெயரோடு ஆண்டையும் பாருங்கள். ஒரே பெயரில் வரும் காரின் பின்பக்கம், புது மாடல் வந்ததும் அடியோடு மாறியிருக்கும்.

மாட்டும்போது செய்யும் தப்பு ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரேக்கின் ரப்பர் கால் உட்காரும் இடத்தை ஈரத்துணியால் துடைக்காமல் மாட்டக் கூடாது. எண்ணூர் விரைவுச்சாலையில் ஓடும் காரின் டிக்கியை விரலால் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று மணல் நெரியும். ரப்பருக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே அது மாட்டிக்கொண்டால், மீஞ்சூர் போய்ச் சேர்வதற்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலாகிவிடும். இன்னொன்று, ஸ்ட்ராப் வீட்டு வாசலில் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் முதல் சில கிலோமீட்டரில் தளரும். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் ஒரு டீக்கு நிறுத்தி, மறுபடி இழுத்துக் கட்டிவிட்டுப் போங்கள்.

ஹிட்ச், அதாவது ரேக்கையோ இழுவண்டியையோ மாட்டக் காரின் பின்பக்க அடியில் பொருத்தும் இரும்புத் தாங்கி, அந்த விஷயத்தில் குழப்பம் இதைவிட அதிகம். இணையத்தில் பார்க்கும் ஹிட்ச் ரேக்குகளில் பெரும்பாலானவை இரண்டே வகை. அமெரிக்க வகை, காருக்கு அடியில் இருக்கும் சதுரக் குழாயில் செருகுவது. குழாயின் அளவு 1¼ அங்குலம் அல்லது 2 அங்குலம். ஐரோப்பிய வகை, 50 மி.மீ. இரும்புக் குண்டின் மேல் கவ்வி நிற்பது. நம்மூர் ஹேட்ச்பேக், செடான்களில் இரண்டுமே கம்பெனியிலிருந்து வருவதில்லை. வெளியே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். 1¼ அங்குல ரேக்கை 2 அங்குலக் குழாயில் நடுவே ஒரு உறை போட்டுச் செருகலாம், ஆனால் ஆட்டம் இருக்கும். ஆட்டத்தை அடக்கும் போல்ட் இல்லாத ரேக் என்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டுக்கொண்டே வரும். ரேக்கைப் பின்னால் தள்ளி வைக்க நீட்டிப்புக் குழாய் போடுகிறவர்கள், அதனால் சுமக்கும் திறன் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பதை யோசிப்பதில்லை.

டூல் கிட்டில் திருகு வளையம் ஒன்று வரும், பம்பரில் சின்ன மூடியைக் கழற்றித் திருகுவது. அதைப் பார்த்துவிட்டு ‘அதான் டோ ஹூக் இருக்கே’ என்று ரேக்கைத் தொங்கவிட நினைப்பவர்களும் உண்டு. நின்றுபோன காரைக் கயிறு கட்டி இழுப்பதற்கு வைத்தது அது. மேலிருந்து கீழே அழுத்தும் சுமையைத் தாங்குவதற்கு அல்ல.

அப்புறம் வெல்டிங் பட்டறை. வட சென்னையில் லாரிக்கே சேசிஸ் ஒட்டுகிற கைகள் உண்டு, திறமையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்றைய கார் பம்பர் என்பது வெளியே வெறும் பிளாஸ்டிக் தோல். ஹிட்ச் அதற்கு உள்ளே, காரின் உடலில் கம்பெனி விட்டிருக்கும் உறுதியான இடங்களில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். பம்பர் பிராக்கெட்டில் ஒட்டிக் கொடுத்தால் பார்க்கப் பலமாகத்தான் தெரியும். பிறகு சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. துளை போடுவதற்கு முன்பே காரின் சர்வீஸ் சென்டரிலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை க்ளெய்ம் நேரத்தில் உதவாது.

எடைக் கணக்குதான் எல்லாவற்றையும்விட முக்கியம், அதைத்தான் யாரும் போடுவதில்லை. டோ பாரில், அதாவது குண்டு வைத்த ஹிட்ச்சில், எத்தனை டன் இழுக்கும் என்று ஒரு எண் இருக்கும். அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுகிறோம். நமக்கு வேண்டியது இன்னொரு எண், குண்டின் மேல் நேராக எவ்வளவு எடை அழுத்தலாம் என்பது. கார்களில் இது பல சமயம் 50 முதல் 75 கிலோவுக்குள்தான் இருக்கும். ரேக்கே 18 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். 75 கிலோ அனுமதியில் மிச்சம் 57. இரண்டு சைக்கிளுக்குத் தாராளம், மூன்றாவதுக்கு இழுபறி. டிக்கியில் கட்டும் ரேக்குகளில் பலவும் ஒரு சைக்கிளுக்கு 15 கிலோ என்றுதான் வரம்பு வைக்கின்றன. நம்மூர் கியர் சைக்கிள், இரும்பு ஃபிரேமோடும் மட்கார்டு, ஸ்டாண்டு, பூட்டோடும் சேர்த்து அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பேட்டரி சைக்கிள் 20 கிலோவுக்கு மேல்; பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் கொஞ்சம் குறையும். குளியலறைத் தராசில் நீங்கள் ஒருமுறையும், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் நின்று கழித்துப் பாருங்கள், சைக்கிளின் எடை கிடைத்துவிடும்.

இந்த எண்ணெல்லாம் நிற்கும் எடை. லாரி டயர் தோண்டிய பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கி ஏறும்போது, பம்பருக்கு வெளியே துருத்திக்கொண்டு தொங்கும் 50 கிலோ, அந்த நொடியில் அதைப்போல் பல மடங்காக இழுக்கும். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருக்கிற காரில் பின் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கித்தான் இருக்கிறது. அந்தக் காரில் பின்னால் ரேக் வேண்டாம் என்பேன்.

அடுத்து அகலம். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள் சுமார் 1.75 மீட்டர் நீளம். வேகன்-ஆரின் அகலம் 1.62 மீட்டர், ஆல்டோ கே10 இன்னும் குறைவு, 1.49. ரேக்கில் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ராயபுரம் சந்துக்குள் ஆட்டோக்காரர் காரின் அகலத்தைத்தான் கணக்குப் போட்டு நுழைவார், உங்கள் சக்கரத்தை அல்ல. சுமை அனுமதித்த அளவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவு சொல்கிறது. முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். கழற்றுவதுதான் கழற்றுகிறோம், ஒரே ஒரு சைக்கிள் என்றால் ரேக்கே எதற்கு? பின் சீட்டை மடக்கி, பழைய போர்வை ஒன்றை விரித்து உள்ளேயே படுக்க வைத்துவிடலாம். ரேக் விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார்.

நம்பர் பிளேட் மறைவதையும் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஐரோப்பாவில் ரேக்கின் மேலேயே இன்னொரு நம்பர் பிளேட்டும் விளக்குப் பலகையும் மாட்டிக்கொள்கிறார்கள். வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு இங்கே ஸ்டிக்கர் கடையில் ஒரு பிளேட் அடித்து மாட்டினால் வம்பு. 2019 ஏப்ரலிலிருந்து வரும் புது வண்டிகளுக்கு, ஹாலோகிராமும் லேசர் எண்ணும் உள்ள உயர் பாதுகாப்பு பிளேட்தான் கட்டாயம். அதைத் தெருக்கடையில் நகல் எடுக்க முடியாது. ஆகவே பிளேட்டையும் பிரேக் லைட்டையும் மறைக்காமல் சைக்கிளை உயரத்தில் பிடிக்கும் ரேக்காகப் பார்க்க வேண்டும். சைக்கிளை ஏற்றிவிட்டு, இருட்டில் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

சைலன்சர் வாயையும் அப்போதே பாருங்கள். டயர் அதற்கு நேராகத் தொங்கினால் சூட்டில் ரப்பர் இளகிவிடும். மேல் கம்பி சாய்ந்த லேடீஸ் சைக்கிளும் குழந்தைகள் சைக்கிளும், கம்பியில் தொங்கவிடும் ரேக்கில் நேராக நிற்காது. ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவே மாட்டும் தனிக் கம்பி வாங்க வேண்டியிருக்கும். கார்பன் ஃபிரேம் என்றால் ஃபிரேமைக் கவ்வாமல் சக்கரத்தைப் பிடிக்கும் ரேக்தான் சரி. மஹிந்திரா தார் போன்ற வண்டிகளில் ஸ்டெப்னி பின்கதவிலேயே தொங்குவதால் அதன் மேல் ரேக் மாட்டுவது சுலபம். ஆனால் எடை முழுக்கக் கதவின் கீல்களில் விழும், இரண்டு சைக்கிளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எதற்கு, கூரையில் வைத்துவிடலாமே என்றால், ரயில் பாதைக்கு அடியில் போகும் தாழ்வான சப்வேக்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக உப்புக் காற்று. காசிமேடு, எண்ணூர் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பியே எப்படி ஆகிறது என்று தெரியும். ரேக்கை வாரக்கணக்கில் காரிலேயே விட்டுவைத்தால், ரேக்கை ஹிட்ச் குழாயில் பிடித்து நிறுத்தும் இரும்பு ஆணி துருப்பிடித்து இறுகிக்கொள்ளும், பிறகு சுத்தியல்தான். அந்த ஆணியிலும் போல்ட்டிலும் கிரீஸ் தடவுங்கள். ஸ்ட்ராப்பின் இரும்புப் பூட்டில் செம்புள்ளி தெரிந்தால் அதை மாற்றிவிடுங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, ரேக்கைக் கழற்றி உள்ளே வையுங்கள்.