திமிலில் தண்ணீர் இல்லை: குழந்தைகளுக்கு விலங்குகளைப் பற்றிச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும். நெருப்புக்கோழி பயந்தால் மண்ணுக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளும். வௌவாலுக்குக் கண் தெரியாது. முள்ளம்பன்றி முள்ளை எய்யும். சின்ன வயதில் இந்த நான்கையும் கேட்காதவர் நம்மில் குறைவு. நம் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிவிடுகிறோம். நான்கும் தவறு.

இதில் எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுவது, தவறான விடை குழந்தையின் கேள்வியை அங்கேயே முடித்துவிடுவதுதான். "திமிலில் தண்ணி இருக்கு" என்றதும் பேச்சு நின்றுவிடும். "திமிலில் இருப்பது கொழுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். "அப்போ தண்ணிக்கு என்ன பண்ணும்?" என்று உடனே கேட்பார்கள். தண்ணீர் கிடைக்கும்போது கால் மணி நேரத்துக்குள் நூறு லிட்டர் வரை குடித்துவிடும், கிடைக்காத நாட்களில் சிறுநீரைக் கெட்டியாக்கிக் கொஞ்சமாகக் கழிக்கும், உடம்புச் சூடு ஏறினாலும் சீக்கிரம் வியர்க்காது என்று சொல்லலாம். "கொழுப்பு ஏன் முதுகில் மட்டும்?" என்று அடுத்த கேள்வி வரும். உடம்பு முழுக்கப் பரவியிருந்தால் வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டது போல ஆகிவிடும். ஒரு சரியான விடையிலிருந்து சிறுநீரகம், வியர்வை, உடல்வெப்பம் என்று மூன்று பாடம் தானாக வந்துவிட்டது.

மற்ற மூன்றையும் திருத்திவிடலாம். நெருப்புக்கோழி மண்ணில் தோண்டிய பள்ளத்தில் முட்டையிட்டு, குனிந்து அலகால் அவற்றைப் புரட்டிவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தலை மண்ணுக்குள் போன மாதிரி தெரியும். வௌவாலுக்குக் கண் தெரியும். ஆலமரத்தில் தொங்கும் பழந்தின்னி வௌவால்களுக்கு நன்றாகவே தெரியும். முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாக வந்து இடிக்கும். முள் எளிதில் கழன்று எதிரியின் உடம்பில் குத்தி நிற்கும், அவ்வளவுதான்.

பாம்பைப் பற்றிய கதைகள்

நம் ஊரில் அதிகம் தவறு நடப்பது பாம்பு விஷயத்தில்தான். பால் குடிக்கும், மகுடிக்கு ஆடும், அடித்தவரை நினைவில் வைத்துப் பழி வாங்கும், பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்று எத்தனையோ கதைகள். பாம்புக்குப் பால் உணவே இல்லை. நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் தாகத்துக்கு எதையும் குடிக்கும். பழி வாங்கும் அளவுக்கு ஆளை நினைவில் வைத்துக்கொள்ளாது. கண்கொத்திப் பாம்பு என்ற பெயரைச் சுமக்கும் பச்சைப்பாம்பு ஓணான், தவளை, சிறு பறவைகளைப் பிடித்துத் தின்று செடிகொடிகளில் வாழ்வது. அதன் நஞ்சு லேசானது. அதன் கண்ணை ஒரு நல்ல படத்தில் குழந்தைக்குக் காட்டுங்கள். கண்மணி நம்முடையது போல் வட்டமாக இல்லாமல் படுக்கைவாட்டில் கீறியது போல இருக்கும். கொத்தும் கதையைவிட இதைத்தான் பிள்ளைகள் நெடுநாள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

திருத்துகிறோம் என்று மறுபக்கம் சாய்ந்துவிடுவதும் உண்டு. "பாம்புக்குக் காதே கேட்காது, அதனால் மகுடி சும்மா" என்று சொல்கிறோம். பாம்புக்கு வெளிக்காதும் செவிப்பறையும்தான் இல்லை. உள்காது இருக்கிறது. தரையில் வரும் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக உணரும். காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளும் அதற்கு ஓரளவு எட்டும். மகுடிக்கு முன்னால் அது படமெடுத்து நிற்பது பயத்தில். எதிரில் அசையும் குழலையும் கையையும் பார்த்து அதற்கேற்பத் திரும்புகிறது. "இசையை ரசிக்கலை, அசைவைப் பார்க்குது" என்றால் போதும்.

பாம்பில் இன்னொரு அபாயமான திருத்தம்: "பெரும்பாலான பாம்புகளுக்கு நஞ்சு கிடையாது" என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடுவது. அது உண்மைதான், சாரைக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் நஞ்சில்லை. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் நம் நாட்டில் அதிக உயிரைப் பறிப்பவை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அடையாளம் பிரிக்கத் தெரியாது. எந்தப் பாம்பானாலும் விலகி நின்று பெரியவர்களைக் கூப்பிடு, கடித்துவிட்டால் கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல் நேராக ஆஸ்பத்திரி என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கூடவே ஆஸ்பத்திரியில் போடும் நஞ்சுமுறி ஊசி மருந்து எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லுங்கள். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் அந்த மருந்து தயாரிக்கப் பாம்பு நஞ்சை எடுத்துக் கொடுத்துவருகிறது. அந்த மக்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பைப் பார்த்ததும் கம்பைத் தேடும் பிள்ளைக்கு, பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே புதிய சேதி.

"எங்க அப்பத்தா வேற மாதிரி சொன்னாங்களே" என்று குழந்தை சொன்னால் அப்பத்தாவைப் பொய்யாக்காதீர்கள். "நீ பாம்புகிட்ட போயிடக் கூடாதுன்னு அப்பத்தா அப்படிச் சொன்னாங்க. வா, அவங்க பார்த்த பாம்பு எப்படி இருந்துச்சுன்னு கேட்போம்" என்று இருவரையும் உட்கார வையுங்கள். வயலில் அறுபது வருஷம் நடந்தவருக்கு நம்மைவிட நிறையத் தெரியும்.

பறந்தால் பறவை, நீந்தினால் மீன்

எறும்பு விலங்கா என்று ஒரு சின்னப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "இல்லை, அது பூச்சி" என்று பதில் வரும். மீன்? "மீன்தான்." மனுஷன்? சிரிப்பார்கள். நான்கு காலும் ரோமமும் இருந்தால்தான் விலங்கு என்ற எண்ணம் படப் புத்தகங்களிலேயே விழுந்துவிடுகிறது. இதைத் தொடக்கத்திலேயே சரிசெய்யாவிட்டால் பிறகு பாலூட்டி, ஊர்வன, நீர்நில வாழ்வன என்று எந்தச் சொல்லைச் சொன்னாலும் அது மனப்பாடமாகவே நிற்கும்.

இருக்கும் இடத்தையும் நகரும் விதத்தையும் வைத்துப் பிரிக்கப் பழக்குவதுதான் இங்கே தவறு. இப்படிக் கேட்கப் பழக்கலாம்: முதுகெலும்பு இருக்கிறதா? எதனால் மூச்சு விடுகிறது? குட்டிக்குப் பால் கொடுக்கிறதா? இந்த மூன்றோடு ஆவுளியாவிடம் போங்கள். பாக் விரிகுடா மீனவர்கள் ஆவுளியா என்றும் மற்றவர்கள் கடற்பசு என்றும் சொல்லும் அந்த விலங்கு, கடலுக்கடியில் புல் மேய்கிறது, சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு விடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது. நாட்டிலேயே முதலாவதாக அதற்கென்று ஒரு பாதுகாப்பகத்தை, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில், தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. திமிங்கலம் மீன் இல்லை என்று மனப்பாடம் செய்ய வைப்பதைவிட ஆவுளியாவைப் பற்றிப் பேசுவது எளிது. நம் கடல், நம் மீனவர்.

கடலாமையும் அப்படித்தான். அதற்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது, "கடலில் வாழ்வது எப்படித் தண்ணீரில் மூழ்கிச் சாகும்?" என்று பெரியவர்களே கேட்டார்கள். வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சு விட முடியாது. "ஊர்வன நுரையீரலால் சுவாசிக்கும்" என்ற ஒரு வரியைப் புரிந்துகொண்ட பிள்ளை அந்தச் செய்தியையும் புரிந்துகொள்ளும்.

எட்டுக்கால் பூச்சி என்று பெயரில் இருந்தாலும் சிலந்தி பூச்சியினம் இல்லை. பூச்சிக்கு ஆறு கால். சுவரில் இருப்பதை எண்ணச் சொன்னால் முடிந்தது.

கலைச்சொல் முதலில் வேண்டாம்

பாடப்புத்தக வழக்கப்படி "உருமாற்றம் என்றால்..." என்று தொடங்குகிறோம். பார்க்காத ஒன்றுக்கு வரையறை எதற்கு? வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடியோ எலுமிச்சைச் செடியோ இருந்தால் போதும். இளந்தளிரில் குண்டூசித் தலை அளவில் மஞ்சளாக ஒரு முட்டை இருக்கும். அதிலிருந்து வரும் புழுவைப் பார்த்தால் பறவை எச்சம் விழுந்து காய்ந்த மாதிரி கறுப்பும் வெள்ளையுமாகத் தெரியும். தின்று தின்று, தோலை உரித்து உரித்து, கடைசியில் இலைப்பச்சைக்கு மாறும். அந்தக் கட்டத்தில் ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறத்தில் இரண்டு கொம்பு சட்டென்று வெளியே வரும், கூடவே ஒரு நெடி. பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். ஒரு முறை தொட்டால் போதும், மறுபடி தொந்தரவு செய்ய வேண்டாம். பிறகு அது ஒரு குச்சியில் இடுப்பைச் சுற்றி நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பத்து நாள் அளவில் வண்ணத்துப்பூச்சி வெளியே வந்து சிறகு காய நிற்கும்.

இதைப் பார்த்த பிறகு "இப்படி உடம்பே மாறுவதற்குப் பெயர் உருமாற்றம்" என்று சொல்லுங்கள். எச்சம் போலத் தெரிந்ததற்கு உருமறைப்பு. சொல் அதற்குரிய இடத்தில் போய் உட்காரும். ஒரே நாளில் பத்துச் சொல் கொடுக்கவே கூடாது. ஒன்று போதும், அதுவும் பார்த்ததற்கு மட்டும்.

"நினைத்தது, மாறிவிட்டது"

விலங்குகளைப் பற்றிப் பேசும்போது நாம் அதிகம் கவனிக்காத தவறு இது. உயரத்து இலையைத் தின்ன ஆசைப்பட்டு ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி நீட்டி நீளமாக்கிக்கொண்டது என்போம். எதிரியை ஏமாற்றுவதற்காகப் புழு எச்சம் மாதிரி வேஷம் போடுகிறது என்போம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பரிணாமத்தைப் பத்தாம் வகுப்பில் படிக்கும்போது இந்த எண்ணம்தான் குறுக்கே வந்து நிற்கும்.

கறிவேப்பிலைப் புழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். தான் எப்படித் தெரிகிறோம் என்று அதற்குத் தெரியவே தெரியாது. முன்னொரு காலத்தில் சில புழுக்கள் கொஞ்சம் எச்சம் போலவும் சில வேறு மாதிரியும் இருந்திருக்கும். வேறு மாதிரி இருந்தவை குருவியின் கண்ணில் அதிகம் பட்டன. தப்பியவை வளர்ந்து முட்டையிட்டன. அவற்றின் பிள்ளைகளும் அதே சாயலில் பிறந்தன. எத்தனையோ தலைமுறை இப்படியே நடந்தது. ஏழு வயதுக் குழந்தைக்கு இது புரியும். சந்தேகமாக இருந்தால் புல்தரையில் பச்சை, சிவப்பு நிறக் காகிதத் துண்டுகளை நிறைய இறைத்து, பத்து எண்ணுவதற்குள் பொறுக்கச் சொல்லுங்கள். கையில் வருபவை பெரும்பாலும் சிவப்பு. தரையில் மிச்சம் இருப்பவை எவை என்று அவர்களே பார்ப்பார்கள்.

ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும் கழுத்தெலும்பு ஏழேதான் என்பதை இந்த இடத்தில் சொன்னால் பிள்ளைகள் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்பதையும் விட்டுவிடுங்கள். குரங்குக்கும் நமக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது.

நல்ல விலங்கு, கெட்ட விலங்கு

மானை நல்லது என்றும் புலியைக் கெட்டது என்றும் கதையில் சொல்லலாம், உயிரியலில் கூடாது. இதில் அதிகம் அடிபடுவது பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகு. அழகில்லை, பிணம் தின்னும் என்று படப் புத்தகத்திலேயே ஒதுக்கிவிடுகிறோம். மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் பதினைந்து வருடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோயின. 2006-இல் அந்தக் கால்நடை மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் பல ஊர்களில் செத்த மாடுகள் அப்படியே கிடக்க, தெருநாய்கள் பெருகின. இன்று தமிழகத்தில் பாறுகளுக்கு முக்கியமான புகலிடம் நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கு. உணவுச் சங்கிலியைப் புல், மான், புலி என்று மூன்று படத்தோடு முடித்துவிடாமல் பாறுக் கழுகையும் சாணிவண்டையும் காளானையும் சேர்த்து வரையச் சொல்ல வேண்டும். செத்ததை யார் தின்கிறார்கள் என்ற கேள்வி இல்லாத சங்கிலி பாதிச் சங்கிலி.

எண்கள் மட்டும் போதாது

நீலத்திமிங்கலம் 30 மீட்டர் வரை வளரும் என்றால் குழந்தைக்கு எதுவும் தெரியாது. தெருவில் சாக்பீஸால் அளந்து கோடு போட்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடச் சொல்லுங்கள். யானை ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்னும் என்றால் 25 கிலோ அரிசி மூட்டை ஆறு. மளிகைக் கடையில் போய் எண்ணிக் காட்டலாம்.

தெரியாததைக் கேட்டால் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பதையும் நிறுத்த வேண்டும். "தெரியலைடா, பார்ப்போம்" என்று சொல்வதில் பெரியவருக்கு மரியாதை ஒன்றும் குறையாது. காக்கைக் கூட்டில் வளர்ந்த குயில் குஞ்சு ஏன் காக்கை மாதிரி கத்தாமல் கூவுகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், அது பதில் தேடிப் போக வேண்டிய கேள்வி. கிளியும் மைனாவும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்பவை. குயிலினத்துக்குக் கூவல் பிறவியிலேயே வருவது. பங்குனி, சித்திரையில் கூவல் கேட்டால் மரத்தடிக்குக் கூட்டிப்போங்கள். கூவுவது கன்னங்கரேல் என்று, சிவந்த கண்ணோடு இருக்கும் ஆண். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண் பக்கத்து மரத்தில் எங்காவது இருக்கிறதா என்று முதலில் கண்டுபிடிப்பது யார் என்று போட்டி வையுங்கள்.