கண் திறந்தபடி தூங்கிய கிரேஹவுண்ட்

மெல்போர்னில், ஓட்டப் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் இன நாய் ஒன்றைத் தத்தெடுத்தோம். நாள் முழுக்க சாது. மெத்தையில் படுத்திருக்கும்போது தொட்டால் மட்டும் உறுமிப் பாய்ந்தது. முதுகுவலியோ என்று மருத்துவரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை. மெத்தையை மாற்றினோம், தின்பண்டம் கொடுத்துப் பார்த்தோம். 10 நாள் வீணாகப் போனது.

அப்புறம்தான் கவனித்தேன். கண் திறந்தே இருக்கிறது, ஆனால் நான் குறுக்கே போனால் விழி அசையவில்லை. பாதம் மட்டும் லேசாகத் துடிக்கிறது. நல்ல தூக்கம்! கிரேஹவுண்டுகள் பல இப்படித் தூங்கும். பந்தய நாய்கள் பெரும்பாலும் கொட்டிலில் தனியாகப் படுத்தே பழகியவை என்பதால் தூக்கத்தில் யாரும் தொட்டுப் பழக்கமில்லை.

மெத்தையை நாங்கள் நடக்கும் வழியிலிருந்து சுவரோரம் நகர்த்தினோம். இப்போது எட்ட நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது தலையைத் தூக்கிய பிறகே கிட்டே போகிறோம். பிள்ளைகளுக்கும் அதே விதிதான். 3 வாரமாக ஒரு உறுமல்கூட இல்லை, பெரிய நிம்மதி.