லேப் கிளவுஸைக் கழற்றுவது எப்படி? (கொஞ்சம் மஞ்சள்தூள் வேண்டும்)

எம்.எஸ்சி. முதல் வருடம் முழுக்க கிளவுஸ் போட்டுத்தான் வேலை செய்தேன். ஆனாலும் மணிக்கட்டு அடிக்கடி சிவந்து எரியும். போட்டதில் குறையில்லை, கழற்றும்போது வெளிப்பக்கத்தில் இருந்ததை நானே கையில் பூசிக்கொண்டிருந்தேன்.

முதலில், எந்தக் கிளவுஸ்? என் கட்சி நைட்ரைல் (ஒரு செயற்கை ரப்பர்). லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) சிலருக்கு ஒவ்வாது, ஹெக்சேன் போன்ற கரைப்பான் பட்டால் உப்பியும் விடும். அதற்காக மெல்லிய நைட்ரைல் எதையும் தாங்கும் என்று நினைக்காதீர்கள். டைகுளோரோமீத்தேன், அசிட்டோன் என்ற கரைப்பான்கள் இரண்டும் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். பட்டதும் கழற்றி வேறு மாட்டுங்கள். அசிட்டோனில் அதிக நேரம் புழங்குபவர்கள் பியூட்டைல் ரப்பருக்குப் போவது நல்லது. கிளவுஸ் தயாரிப்பாளரின் அட்டவணையில், நீங்கள் பயன்படுத்தும் ரசாயனத்துக்கு நேரே ஊடுருவும் நேரம் இருக்கும். அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 1996-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹுட்டில்தான் வேலை செய்தார், கிளவுஸும் போட்டிருந்தார். அந்த லேடெக்ஸ் மேல் டைமெத்தில் மெர்குரி என்ற பாதரச நஞ்சு சில சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். 1997 ஜூனில் இறந்துவிட்டார். பிறகு சோதித்தபோது, அது அந்த வகைக் கிளவுஸை 15 விநாடிக்குள் கடந்துவிடுவது தெரிந்தது.

சரி, கழற்றுவோம்.

1. இடது கிளவுஸை மணிக்கட்டருகே வெளிப்பக்கமாகக் கிள்ளிப் பிடியுங்கள். தோலில் படக்கூடாது.

2. உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து, வலது உள்ளங்கையில் சுருட்டிக்கொள்ளுங்கள்.

3. நான் சறுக்கியது இங்கேதான். இடது கை இப்போது வெறுங்கை. பழக்கதோஷத்தில் வலது கிளவுஸின் விரல் நுனியைப் பிடித்து இழுப்பேன். அத்தனை அழுக்கும் இருப்பது அந்த நுனியில்தான்! அப்படிச் செய்யாமல், இரண்டு விரலை மணிக்கட்டு வழியாக உள்ளே நுழைத்து, உள்பக்கத்தை மட்டும் தொட்டுப் புரட்டுங்கள். முதல் கிளவுஸ் இரண்டாவதன் வயிற்றுக்குள் போய்விடும்.

4. ரசாயனக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு சோப்பால் கை கழுவுங்கள். செல்போன் அப்புறம்.

சரியாகக் கழற்றினோமா என்று பார்க்க, புதுக் கிளவுஸ் மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் கழற்றுங்கள். பிறகு வெறுங்கையில் சோப்பு நுரையைத் தடவுங்கள். சோப்பில் உள்ள காரம் (அல்கலி) பட்டால் மஞ்சள் சிவக்கும். எனக்கு முதல் தடவை கட்டைவிரல் முழுக்கச் சிவப்பு.

பின்சேர்க்கை: சிவக்கவே இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கேட்டால், இருவரும் ஹேண்ட்வாஷ் பயன்படுத்தியிருக்கிறார்கள். காரத்தன்மை இல்லாத ஹேண்ட்வாஷில் நிறம் மாறாது. துணி சோப்பைக் கரைத்துத் தடவிப் பாருங்கள்.