பிப் அப்பீல் ஹியரிங்குக்குப் போவதற்கு முன்

பிப் என்பது நீண்டகால நோயோ உடல், மனக் குறைபாடோ உள்ளவர்களுக்கு பிரிட்டன் அரசு தரும் உதவித்தொகை, அதைக் கொடுக்கும் அரசுத் துறை டிடபிள்யூபி. டிடபிள்யூபி உங்கள் பிப் விண்ணப்பத்தை மறுத்துவிட்டது, மறுபரிசீலனை கேட்டும் அதே பதில்தான் வந்தது என்றால், அடுத்தது டிரிபியூனல் என்னும் தீர்ப்பாயம். மறுபரிசீலனைக் கடிதத்தில் இருக்கும் தேதியிலிருந்து 1 மாதத்துக்குள் அப்பீல் போட வேண்டும், ஆன்லைனிலும் போடலாம், கட்டணம் கிடையாது. நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் கதை. ஸ்காட்லாந்தில் உதவித்தொகையும் வேறு, வழியும் வேறு.

படிவத்தில் ஹியரிங் (நீங்களே பேசும் விசாரணை) வேண்டுமா, காகிதங்களை மட்டும் பார்த்தால் போதுமா என்று கேட்பார்கள். ஹியரிங் வேண்டும் என்றே போடுங்கள். உங்களை ஏற்கெனவே தவறாகப் புரிந்துகொண்ட அதே காகிதங்களை வைத்து முடிவு எடுக்கவிட்டால், உங்கள் வாயால் எதையும் சரிசெய்ய வாய்ப்பே இருக்காது. ஆங்கிலம் சரளமாக வராது என்றால் மொழிபெயர்ப்பாளரை அங்கேயே கேட்டுவிடுங்கள், செலவு உங்களுடையது இல்லை. இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மகனோ மகளோ துணைக்கு வரலாம், ஆனால் அவர்கள் மொழிபெயர்ப்பதைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள்.

கொஞ்ச நாளில் டிடபிள்யூபியிடமிருந்து ஒரு தடித்த கட்டு வரும். பண்டில் என்பார்கள். அதைப் பார்த்ததும் மூடி அலமாரியில் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். உங்களைப் பரிசோதித்தவர் எழுதிய அறிக்கை அதற்குள்தான் இருக்கிறது. பென்சிலை எடுத்துக்கொண்டு, எங்கெல்லாம் 'நான் இப்படிச் சொல்லவே இல்லையே' என்று தோன்றுகிறதோ அங்கெல்லாம் கோடு போட்டு, பக்க எண்ணைத் தனித்தாளில் குறித்து வையுங்கள். ஹியரிங்கில் பக்க எண் சொல்லித்தான் பேசுவார்கள்.

அடுத்து புள்ளிகள், ஒவ்வொரு செயலிலும் உங்களுக்கு எவ்வளவு சிரமம் என்று பார்த்துப் போடுவது. மொத்தம் 12 செயல்கள்: அன்றாட வாழ்க்கைக்கு 10, நடமாட்டத்துக்கு 2. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுவார்கள். 8 புள்ளி வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடுதல் தொகை. நோயின் பெயருக்கு ஒரு புள்ளியும் இல்லை, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 'எனக்கு ஆர்த்ரைடிஸ், 15 வருஷமாக' என்பதால் எதுவும் கிடைக்காது. சமையலை எடுத்துக்கொள்ளுங்கள்: கேள்வி, ஒரு ஆளுக்கு ஒரு எளிய உணவைப் புதிதாகச் சமைக்க முடியுமா என்பதுதான். 'சமைப்பேன், ஆனால் கஷ்டம்' என்று நிறுத்தினால் சமைப்பேன் என்பது மட்டும்தான் பதிவாகும். 'விரல்கள் மடங்காததால் கத்தியைப் பிடிக்க முடியாது, காய்கறியை மருமகள் வெட்டித் தருவாள், கொதிக்கும் சட்டியை நான் தூக்குவதில்லை, ஒருமுறை கை நழுவிக் காலில் ஊற்றிவிட்டது' என்று சொன்னால், இன்னொருவர் உதவி தேவை என்பது தெரிகிறது. அதற்கு 4 புள்ளி.

ஒரு வேலையைச் செய்ய முடியும் என்றால் நாலு விஷயம் சேர்ந்திருக்க வேண்டும்: பாதுகாப்பாக, ஓரளவு ஒழுங்காக, தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள். மற்றவர்களுக்கு ஆகும் அதிகபட்ச நேரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆனால் அது நியாயமான நேரம் இல்லை. அந்தச் சிரமம் பாதிக்கும் மேற்பட்ட நாட்களில் இருக்க வேண்டும். அதனால் நல்ல நாள், கெட்ட நாள் என்று ஒரு டைரி எழுதுங்கள், வாரத்தில் எத்தனை நாள் எப்படி என்று. நடப்பதில் 20 மீட்டர், 50 மீட்டர் என்று கணக்கு வரும். மீட்டர் பிடிபடவில்லை என்றால், 20 மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டு டபுள் டெக்கர் பஸ் நீளம். வீட்டு வாசலில் நடந்து பாருங்கள், எங்கே நிற்கிறீர்கள், ஏன், திரும்ப நடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று.

ஜிபி (குடும்ப டாக்டர்) கடிதம் 'இவருக்கு இந்த நோய்' என்று மட்டும் சொன்னால் பெரிய பயன் இல்லை. உங்களைக் குளிப்பாட்டுபவர், பிசியோதெரபிஸ்ட், பக்கத்து வீட்டுக்காரர், யார் கண்ணால் பார்த்தார்களோ அவர்கள் எழுதுவது மேல். இன்னொன்று, டிடபிள்யூபி முடிவெடுத்த தேதியில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். அதற்கப்புறம் மோசமானது கணக்கில் வராது. ஆனால் பிறகு எழுதிய கடிதமாக இருந்தாலும் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் செல்லும். எல்லாவற்றையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், ஹியரிங் அன்று காலையில் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

ஏற்கெனவே கொஞ்சம் தொகை கிடைத்து, கூடக் கேட்டு அப்பீல் போவதாக இருந்தால் கவனம்: டிரிபியூனல் இருப்பதையும் குறைக்கலாம். போடுவதற்கு முன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்னும் ஆலோசனை அமைப்பில் காட்டிவிடுங்கள், இலவசம்.

ஹியரிங் அன்று எதிரே மூன்று பேர் இருப்பார்கள்: நீதிபதி, டாக்டர், மாற்றுத்திறன் பற்றி அனுபவம் உள்ள ஒருவர். அங்கியெல்லாம் கிடையாது. டிடபிள்யூபி ஆள் பல சமயம் வருவதே இல்லை. 'இன்று எப்படி வந்தீர்கள்?' என்று சும்மா கேட்பது போலக் கேட்பார்கள், அதுவும் கேள்விதான். பஸ்ஸில் வந்திருந்தால் பஸ்ஸில் என்று சொல்லுங்கள், கூடவே யார் கையைப் பிடித்து ஏற்றினார்கள், எத்தனை முறை உட்கார்ந்தீர்கள் என்பதையும். மரியாதைக்காகச் சிரித்து 'பரவாயில்லை' என்று சொல்லும் நம் வழக்கத்தை அன்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கூட்டியும் சொல்லாதீர்கள், டாக்டர் பண்டிலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். வலித்தால் இடைவேளை கேட்கலாம். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், பயணச் செலவைத் திரும்ப வாங்கலாம்.

முடிவு அன்றே சொல்வார்கள், அல்லது தபாலில் வரும். தோற்றுவிட்டால் 1 மாதத்துக்குள் காரணங்களை எழுத்தில் கேளுங்கள். முடிவில் சட்டப் பிழை இருந்தால்தான் அப்பர் டிரிபியூனல் என்னும் மேல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அப்படிப் பிழை இருக்கிறதா என்று அந்தக் காரணங்களைப் பார்த்துத்தான் ஆலோசகரால் சொல்ல முடியும்.