ஜெர்சி எண்ணைப் பிறந்த தேதி வரிசையில் கொடுங்கள்

13 வயதுக்குட்பட்ட கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கும்போது ஜெர்சி எண்களைப் பிறந்த தேதி வரிசையில் கொடுங்கள்: பிரிவிலேயே மூத்தவனுக்கு 1, கடைக்குட்டிக்குக் கடைசி எண். தேர்வாளர்களிடமும் இதை முன்பே சொல்லிவிடுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

வயதுப் பிரிவைப் பிரிக்கும் கட்-ஆஃப் தேதி ஜனவரி 1 என்றால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு, 12 வயதில் அந்தப் பதினோரு மாத வளர்ச்சி ஓட்டத்திலும் உதையிலும் நன்றாகவே தெரியும், நாம் அதைத் திறமை என்று நினைத்து எதிர்காலம் கணிக்கிறோம். பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்தால் போதாதா? போதாது. நெதர்லாந்தில் ஸ்கவுட்களை (திறமையான பையன்களைத் தேடிப் பிடிக்கும் தேர்வாளர்களை) வைத்துச் சோதித்தபோது தேதி தெரிந்தும் மூத்த பையன்கள் பக்கமே சாய்ந்தார்கள், எண் வயது வரிசையில் இருந்தபோதுதான் அந்தச் சாய்வு போனது (ஆட்டத்துக்கு நடுவே யார் பட்டியலைப் புரட்டுவார்கள்!).

ஆனால் ஒரே மாதத்தில் பிறந்தவர்களிலேயே ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவனுக்குக் குரலே உடைந்திருக்காது. அந்த வித்தியாசத்தை இந்த எண் காட்டாது, அதற்கு அவன் உயரத்தோடு அப்பா அம்மா உயரத்தையும் சேர்த்து, அவன் வளர்ச்சி எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வளர்ந்து முடித்த பெரியவர்கள் அணிக்கு இது தேவையில்லை. அப்புறம், பிறப்புச் சான்றிதழே சந்தேகம் என்றால் வரிசைப்படுத்துவதே வீண்.